சமையல் வகுப்பில் நடக்கும் நாவல் எழுதப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பின் அறிமுகமில்லாத சிலர் ஒரு சமையல் வகுப்பில் சேர்கிறார்கள், வாரம் ஒரு பாடம் நடக்கிறது, வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் வேறு ஆளாக வெளியே வருகிறார்கள். இப்படி ஒரு நாவல் எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறைய. பாதி எழுதிவிட்டு எங்கேயோ இடிக்கிறதே என்று முழிக்கிறவர்கள் அதைவிட நிறைய. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே இருக்கின்றன. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வகை நாவலில் ஆள் மாறியது அவர் கையில் தெரிய வேண்டும். வாயால் சொல்ல வைத்தால் கதை படுத்துவிடும்.

வகுப்புதான் வேண்டுமா? வீட்டுச் சமையலறையில் வைத்தே எழுதக் கூடாதா?

எழுதலாம், ஆனால் அது வேறு கதை, பெரும்பாலும் குடும்பக் கதை. வகுப்பு தரும் வசதி என்னவென்றால், வீட்டில் எல்லாரையும் அதட்டுகிற ஆள் இங்கே முட்டை உடைக்கத் தெரியாமல் நிற்பார், வீட்டில் வாயே திறக்காதவர் இங்கே பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பார். பழைய அந்தஸ்து எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வராது. இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை: வகுப்பில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஆனால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கண் வெட்டுப் பலகையில் இருக்கிறது, கை ஏதோ வேலை செய்கிறது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் சொல்லவே மாட்டாத ஒரு விஷயத்தை மனிதர்கள் அந்த நிலையில்தான் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். உரையாடல் எழுதுகிறவருக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

தொழில்முறைப் பள்ளியா, பொழுதுபோக்கு வகுப்பா?

இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். தொழில்முறைப் பள்ளியில் சீருடை, தேர்வு, படிநிலை, வேலைக்கான போட்டி எல்லாம் இருக்கும், அங்கே வருகிறவர்களுக்கு எதிர்காலம் பணயம். பொழுதுபோக்கு வகுப்புக்கு வருகிறவர் சமையலுக்காக மட்டும் வருவதில்லை: தனிமை, விவாகரத்து, ஓய்வுபெற்ற பின் நீளும் பகல் பொழுது, டாக்டர் சொன்ன ஏதோ ஒன்று. வரலாற்றில் இந்த இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்ததும் உண்டு. 1895-ல் பாரிஸில் மார்த் டிஸ்டெல் என்ற பத்திரிகையாளர் ஒரு சமையல் பத்திரிகை தொடங்கினார், அதன் வாசகர்களுக்காக நடத்திய வகுப்புகள்தான் பிற்பாடு லே கார்டன் புளூ என்ற புகழ்பெற்ற பள்ளி ஆனது. உங்கள் கதைக்கு எது என்று முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பொழுதுபோக்கு வகுப்பில் கரண்டி விட்டெறியும் சமையல்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினால், பணம் கட்டி வந்தவர்கள் ஏன் எழுந்து போகவில்லை என்று வாசகர் கேட்பார்.

எத்தனை கதாபாத்திரங்கள்?

குரலோடு நான்கைந்து பேர். மற்றவர்கள் ஏப்ரன் கட்டிய முகங்களாக இருந்தால் போதும். அத்தியாயத்துக்கு ஒருவர் என்று வரிசையாக எட்டுப் பேரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினால் அது எட்டுச் சிறுகதை, நாவல் கிடையாது. ஒருவருடைய பிரச்சினை இன்னொருவருடைய அத்தியாயத்திலும் கொஞ்சம் கசிய வேண்டும்.

மனமாற்றத்தை நம்பும்படி எழுதுவது எப்படி? என் பாத்திரங்கள் திடீரென்று திருந்திவிடுகிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நண்பர்கள் சொல்வது சரி, அதுவே இந்த வகை நாவலின் பொது வியாதி. எட்டு வார வகுப்பு என்று வையுங்கள், வாரம் ஒரு நாள். மொத்தமே எட்டு மாலைகள். எட்டு மாலையில் ஒரு மனிதர் மாறுவாரா? ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு ஊற எவ்வளவு நாளாகும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். சராசரியாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. அதுவும் மதியம் ஒரு பழம் சாப்பிடுவது, தினமும் கொஞ்சம் ஓடுவது மாதிரிச் சின்னப் பழக்கங்களுக்கு. குணம் மாறுவது அதைவிட லேசாகவா இருக்கும்?

ஆகவே வகுப்பு நடக்காத ஆறு நாட்களை எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை இரவு, யாரும் பார்க்காத நேரத்தில், அவர் வீட்டில் தனியாக நின்று அதே சாஸை மறுபடி கெடுப்பது; வியாழக்கிழமை களைப்பில் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏதோ குற்றம் செய்ததுபோல் டப்பாவைக் குப்பையில் அடியில் தள்ளி மறைப்பது. மாற்றம் நடக்கிற இடம் அது. வகுப்பில் அதன் விளைவு மட்டும்தான் தெரியும்.

கையில் தெரிய வேண்டும் என்று சொன்னேனே, அதற்கு ஒரு எளிய வழி கத்தி. புதிதாக வருகிறவர் கத்திப் பிடியைச் சுத்தியல் மாதிரி இறுக்கிப் பிடிப்பார், அல்லது ஆள்காட்டி விரலைக் கத்தியின் முதுகில் நீட்டி வைப்பார். பழகியவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கத்தித் தகட்டின் அடிப்பகுதியையே கிள்ளிப் பிடிப்பார். மற்றக் கையின் விரல்நுனிகள் உள்பக்கம் மடங்கி, கணுக்கள் தகட்டுக்கு வழிகாட்டும். முதல் அத்தியாயத்தில் நீட்டிய விரலை ஒரு வரியில் காட்டுங்கள், பிறகு மறந்துவிடுங்கள், ஏழாவது அத்தியாயத்தில் யாரோ ஒருவர் அந்தக் கையைத் தற்செயலாகப் பார்க்கட்டும். “அவள் தன்னம்பிக்கை பெற்றாள்” என்று நீங்கள் எழுதவே வேண்டாம்.

ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

கேரமலை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் தலையிடுகிற ஒரு அம்மா, வளர்ந்த மகன் எந்தச் சட்டை போட வேண்டும் என்பது வரை தீர்மானிக்கிறவர், வகுப்பில் கேரமல் செய்கிறார். அடி கனமான பாத்திரத்தில் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும். ஆசிரியர் சொல்கிறார், கொதிக்க ஆரம்பித்துவிட்டால் கரண்டியைப் போடாதீர்கள். இவரால் சும்மா இருக்க முடியவில்லை, கிளறிவிடுகிறார். பாகு கலங்கி, படிகம் பிடித்து, மணல் மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொரு தடவை. கரண்டியை எடுக்காமலிருக்க இடது மணிக்கட்டை வலது கையால் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்கிறார். தெளிந்த பாகில் குமிழிகள் மெதுவாகப் பெருத்து, சோம்பலாக வெடிக்கின்றன. ஓரத்தில் ஒரு இழை மஞ்சள். இப்போது பாத்திரத்தை லேசாகச் சுழற்றலாம், அவ்வளவுதான். நிறம் வந்ததும் பயந்துபோய் அடுப்பை அணைத்துவிடுகிறார். வெறும் தித்திப்பு, கேரமலின் அந்த மெல்லிய கசப்பு வரவே இல்லை. மூன்றாவது தடவை அம்பர் நிறம் வரும்வரை காத்திருக்கிறார், ஆனால் அடுப்பை அணைத்தாலும் பாத்திரத்தின் சூடு வேலை செய்துகொண்டே இருக்கும் என்பது தெரியாமல் கருக்கிவிடுகிறார். கரிந்த கேரமலை யாராலும் மீட்க முடியாது.

சில அத்தியாயம் கழித்து, வீட்டில் மகன் வேலையை விடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அம்மா பதில் சொல்லவில்லை. இடது மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விளக்கம் ஒரு வரிகூடத் தேவையில்லை. மகனுக்கு அது தெரிய வேண்டும் என்றும் இல்லை.

அப்படியானால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொருத்தமாக ஒரு உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? கோபக்காரருக்கு மிளகாய், சோகமானவருக்குக் காப்பி என்பதுபோல?

அய்யோ, வேண்டாம். அது ஜோசியம். ருசியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அந்த உணவு கேட்கும் வேலையைப் பாருங்கள். ரொட்டி காத்திருக்கச் சொல்லும். ஆம்லெட் ஒரு நிமிடத்தில் முடிவெடுக்கச் சொல்லும், தயங்குகிறவருக்கு அது நரகம். முட்டை மஞ்சள் கருவோடு எண்ணெயை அடித்துச் செய்யும் மயோனைஸ், அந்த எண்ணெயைப் பொறுமையாகச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லும். அவசரப்பட்டால் திரிந்துவிடும், ஆனால் இன்னொரு மஞ்சள் கருவை எடுத்து, திரிந்ததையே அதில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் சேர்த்தால் மறுபடி கூடி வரும். கேரமலுக்கு அந்த மன்னிப்பு கிடையாது. எந்தக் கதாபாத்திரத்துக்கு மன்னிப்பு உண்டு, யாருக்கு இல்லை என்று யோசித்துப் பார்த்தால் உங்கள் கதைக்கு எந்தப் பாடம் எந்த வாரம் வர வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

ருசியை எப்படி எழுதுவது? “அமிர்தமாக இருந்தது” என்பதைத் தாண்ட முடியவில்லை.

நாக்கை விட்டு வெளியே வாருங்கள். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா அடையாளம் காட்டிய உமாமி. மிச்சம் நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மணம்தான், அதுவும் மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிற மணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏதாவது மென்றுவிட்டு, பாதியில் விரலை எடுத்துப் பாருங்கள், புரியும்.

சத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். வாணலியில் கேட்கும் அந்தச் சலசலப்பு, பொருளிலிருந்து வெளியேறும் நீர் ஆவியாகிற சத்தம். ஈரம் குறையக் குறையச் சத்தம் மட்டுப்படும். அனுபவசாலி முதுகைக் காட்டி நின்றுகொண்டே “போதும், எடு” என்று சொல்வது இதனால்தான். ஒரு கதாபாத்திரம் நாவலின் நடுவில் எங்காவது முதல் தடவையாகக் காதால் சமைத்துவிட்டால் போதும், அமிர்தம் தேவைப்படாது.

“நாவில் கரைந்தது”, “நாக்கில் நடனமாடியது”, இரண்டுக்கும் ஓய்வு கொடுங்கள். சாப்பிட்டவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். பேச்சைப் பாதியில் நிறுத்தினாரா? பக்கத்துத் தட்டை எட்டிப் பார்த்தாரா? ஒன்றுமே சொல்லாமல் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாரா?

ஒரு மணம் வந்ததும் பழைய ஞாபகம் வரும் காட்சி வைக்கலாமா?

வைக்கலாம், நாவல் முழுக்க ஒரே ஒரு தடவை. உடலியலும் உங்கள் பக்கம் இருக்கிறது: மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் தாலமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், மணத்துக்கு மட்டும் அந்த நிறுத்தம் இல்லாமல் உணர்ச்சியும் நினைவும் சார்ந்த பகுதிகளுக்கு நேர்வழி உண்டு. ஆனால் இதுவே எல்லாரும் கையாண்டு தேய்ந்த உத்தி. பாட்டியும் அடுப்பும் புகையும் கண்ணீரும் வந்தால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். வருகிற ஞாபகம் வேண்டாத ஞாபகமாக இருக்கட்டும், அல்லது தப்பான ஞாபகமாக இருக்கட்டும். தன் அப்பா செய்தது என்று முப்பது வருடமாக நம்பிய ஒன்று, உண்மையில் பக்கத்து வீட்டுக்காரர் செய்து கொடுத்தது என்று மணத்தை வைத்தே ஒருவர் கண்டுபிடித்தால், கதைக்கு வேலை இருக்கிறது.

வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுவது?

பழைய சரக்கு. ஆனால் ஒரு வழி இருக்கிறது. வெங்காயத்தின் செல்கள் நசுங்கும்போது அதிலுள்ள நொதிகள் வேலை செய்து உண்டாகும் வாயுதான் கண்ணை எரிக்கிறது. கூரான கத்தி செல்களை அதிகம் நசுக்காது, எரிச்சலும் குறையும். அந்த வகுப்பில் கத்தியை எல்லாரையும்விட நன்றாகத் தீட்டி வைத்திருக்கும் மாணவிதான் அழுகிறாள், ஆசிரியருக்கு அது வெங்காயம் இல்லை என்று தெரியும், கேட்கவில்லை. இப்படி எழுதினால் பழைய சரக்கும் விலை போகும்.

மணமே தெரியாத ஒருவரைக் கதாநாயகி ஆக்கலாமா?

தாராளமாக. கொரோனாவுக்குப் பிறகு மணம் இழந்தவர்கள் எத்தனையோ பேர், சிலருக்குத் திரும்பி வந்தபோது எல்லாம் திரிபாக வந்தது, பிடித்த காப்பி சாக்கடை மாதிரி நாறியது. அப்படி ஒருவர் சமையல் வகுப்புக்கு ஏன் வருகிறார் என்ற கேள்வியே முதல் அத்தியாயத்தை இழுத்துக்கொண்டு போகும். அவர் சூட்டையும், பதத்தையும், சத்தத்தையும், மொறுமொறுப்பையும் வைத்துச் சமைப்பார். கடைசியில் மணம் திரும்பிவிட்டது என்று மட்டும் முடித்துவிடாதீர்கள், அது ஏமாற்று வேலை.

சமையல் அறிவியல் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நீங்கள் சொல்கிற அளவுக்கு. சொல்வது தப்பாக இருக்கக் கூடாது. முட்டை வெள்ளை சுமார் 60 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் இறுக ஆரம்பிக்கும், மஞ்சள் கருவுக்கு இன்னும் சில டிகிரி வேண்டும், ஆகவே “கொதிக்கும் சாஸில் முட்டையைக் கொட்டினாள், வெண்ணெய்போல் வழவழவென்று வந்தது” என்று எழுதினால் சமைக்கத் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடுவார். நாக்கு நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரைபடமும் பொய்தான், 1901-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டதில் பரவியது. இறைச்சியை முதலில் அதிகச் சூட்டில் வதக்கினால் சாறு உள்ளேயே அடைபடும் என்பது 19-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர் லீபிக் காலத்து நம்பிக்கை, அதுவும் சோதனையில் நிற்கவில்லை. வதக்குவதால் கிடைப்பது நிறமும் மணமும்.

ஆனால் ஒரு விஷயம்: நாவலாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன், பாத்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சாறு அடைபடும் என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை ஒரு இளம் மாணவன் எல்லார் முன்னாலும் திருத்துகிறான் என்றால், அருமையான காட்சி. இருவரும் அடுத்த வாரம் எப்படி முகம் பார்த்துக்கொள்வார்கள் என்பது அதைவிட அருமையான காட்சி.

ஆசிரியர் எப்படிப்பட்டவராக இருக்கலாம்?

ஞானியாக மட்டும் வேண்டாம். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் “வாழ்க்கையும் இந்த மாவைப் போலத்தான்” என்று பேசும் ஆசிரியரை நான் கைப்பிரதிகளில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். வாடகை கட்ட முடியாதவர், ஒரே நகைச்சுவையை எல்லாத் தொகுதி மாணவர்களுக்கும் சொல்கிறவர், நன்றாகச் சமைப்பவர் ஆனால் நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர், இப்படி யாராவது வரட்டும். கைப்பக்குவம் உள்ள பலருக்குத் தாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்லவே வராது. “கொஞ்சம் உப்பு, உனக்கே தெரியும்” என்பார்கள். மாணவருக்குத் தெரியாது, அதனால்தானே வந்திருக்கிறார்.

காதல் வேண்டுமா?

கட்டாயமில்லை. வைத்தாலும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் வேண்டாம், ஊகித்துவிடுவார்கள்.

சண்டை, சச்சரவு எங்கிருந்து வரும்? எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள்.

பாத்திரம் கழுவுவதிலிருந்து வரும். உண்மையாகத்தான் சொல்கிறேன். வகுப்பு முடிந்ததும் யார் கழுவுகிறார்கள், யார் போன் வந்ததாக வெளியே நழுவுகிறார்கள், யார் எப்போதும் தன்னுடைய அடுப்பை மட்டும் துடைக்கிறார்கள் என்று நான்கு வாரம் கவனித்தால் போதும், அந்தக் கூட்டத்தின் மொத்தச் சமூகவியலும் வந்துவிடும். யாருக்குக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை, யார் அதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பதும் அப்படித்தான்.

உணவு என்றாலே சந்தோஷம் என்று எழுதுவது சரியா?

எல்லாருக்கும் இல்லை. உண்ணும் கோளாறு உள்ளவர்கள், டாக்டர் சொன்ன பத்தியத்தில் இருப்பவர்கள், சின்ன வயதில் பட்டினியை அறிந்தவர்கள், தட்டில் மிச்சம் வைத்ததற்கு அடி வாங்கியவர்கள் எல்லாரும் உங்கள் வாசகர்களில் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைக் கதையில் கொண்டுவந்தால், ஒரு நல்ல சாப்பாடு அவரைக் குணப்படுத்திவிட்டதாக எழுதாதீர்கள். உண்ணும் கோளாறு தீவிரமான நோய், அதற்குச் சிகிச்சை வேண்டும். வகுப்பால் அவருக்கு ஆகக்கூடியது, வேறு யாரும் கவனிக்காமல் ஒரு மணி நேரம் உணவின் பக்கத்தில் நின்றது. அதுவே பெரிய விஷயம், அந்த அளவோடு நிறுத்துங்கள்.

நாவலுக்குள் சமையல் குறிப்புகளைக் கொடுக்கலாமா? யாராவது வழக்குப் போடுவார்களா?

பதிப்புரிமை என்பது வெளிப்பாட்டுக்கு, யோசனைக்கோ செய்முறைக்கோ கிடையாது. அறிவுசார் சொத்துரிமை பற்றி 1994-ல் கையெழுத்தான ட்ரிப்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது. ஆகவே இன்ன பொருள் இன்ன அளவு என்ற விவரத்தை யாரும் பூட்டி வைக்க முடியாது என்பதே பொதுவான நிலை. ஆனால் இன்னொருவர் தன் நடையில் எழுதிய விளக்கத்தை வரி மாறாமல் எடுத்தால் சிக்கல்தான். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், சந்தேகம் இருந்தால் பதிப்பாளரைக் கேளுங்கள்.

கொடுப்பதா வேண்டாமா என்றால், கதையின் நடுவில் பட்டியல் வருவது எனக்குப் பிடிக்காது, அத்தியாய முடிவில் வந்தால் ஆட்சேபணை இல்லை. கொடுத்தால் செய்து பார்த்துவிட்டுக் கொடுங்கள், அதுவும் சமைத்துப் பழக்கமில்லாத ஒருவரைச் செய்ய வைத்து. நிச்சயம் யாராவது செய்து பார்ப்பார்கள், சொதப்பினால் நாவலையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

எனக்கே சமைக்கத் தெரியாது. எழுதலாமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், நாவலுக்கும் உதவாது. ஒரு வகுப்பில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தெரியாதவராகப் போவது ஒரு வகையில் லாபம், கை எப்படித் தடுமாறும் என்பது நன்றாகச் சமைக்கிறவர்களுக்கு மறந்தே போயிருக்கும். குறிப்பெடுக்கும்போது அளவுகளை விட்டுவிடுங்கள், அவை எங்கும் கிடைக்கும். யார் எந்த நேரத்தில் பின்வாங்கி நின்றார், யார் முதலில் ருசி பார்த்தார், யாருக்கு எங்கே வியர்த்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் சேர்ந்து விருந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள். சரிதானே?

பத்தில் ஒன்பது கைப்பிரதி இப்படித்தான் முடிகிறது என்று தோன்றும் அளவுக்கு இது சகஜம். விருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒருவராவது வராமல் இருக்கட்டும், ஒரு உணவாவது சரியாக வராமல் போகட்டும். என்னைக் கேட்டால், வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து, இரண்டு பேர் எங்கோ எதேச்சையாகச் சந்தித்து, “இப்போ சமைக்கிறீங்களா?” “எங்க, நேரமே இல்ல” என்று பேசிக்கொள்ளும் முடிவில் அதிக உண்மை இருக்கிறது. பொய் சொல்வது அந்த இருவரில் யார் என்று வாசகருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதி முடித்தபின் யாரிடம் காட்டுவது?

இரண்டு பேரிடம். ஒருவர் தினமும் சமைக்கிறவர், இன்னொருவர் சமையலறைப் பக்கமே போகாதவர். முதலாமவர் எங்கே சிரித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள், அங்கே சமையல் தப்பு. இரண்டாமவர் எந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனார் என்று கேளுங்கள், அங்கே நீங்கள் கதையை விட்டுவிட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம், இருவரையும் சாப்பிட்ட பிறகு படிக்கச் சொல்லுங்கள். பசியோடு படிக்கிறவர் எதையும் பாராட்டிவிடுவார்.